இரண்டாவது கேள்வி: குடும்ப நீதிமன்ற ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டுக் குடும்ப நீதிமன்றங்களில் பணிபுரியும் ஆலோசகர்கள்
பார்வைக்கு: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் செயலாளர்கள்

வணக்கம்.

விவாகரத்து வழக்கோடு வரும் பெண்ணை, நீதிபதிக்கும் முன்பாக உட்காரவைத்துப் பேசுகிறவர்கள் நீங்கள். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, தன் 9-ஆம் பிரிவில் சமரசத்துக்கு முயல வேண்டிய கடமையை நீதிமன்றத்தின் மேல் வைத்திருக்கிறது. அந்தக் கடமை நடைமுறையில் உங்கள் மேசைக்கு வந்து சேர்கிறது. அதனால் உங்கள் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்காம்மா?"

அதைக் கேட்க வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. "இல்லை" என்ற பதில் வந்ததும் கோப்பில் 'சமரசம் ஏற்படவில்லை' என்று எழுதி அனுப்பிவிடுகிறீர்கள். அதோடு அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. அவருக்கு உதவி அதிகமாகத் தேவைப்படும் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. "பிரிஞ்சு போறதுன்னு முடிவாயிடுச்சு. வழக்கு முடியறவரைக்கும் எப்படித் தாக்குப்பிடிக்கப் போறீங்க?" என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்க நீதிமன்ற வளாகத்தில் இன்று யாருக்கும் பொறுப்பு இல்லை. அதை உங்கள் வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. இதற்குப் புதுச் சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.

நாங்கள் மனநல ஆலோசனையிலும் இலவச சட்ட உதவியிலும் இந்தப் பெண்களோடு வேலை செய்கிறவர்கள். ஆண்களுக்கும் வலி உண்டு என்று தெரியும், அதற்குத் தனி மடல் வேண்டும். வீட்டை விட்டு வெளியேறி, பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு, கையில் காசில்லாமல், ஊர்ப் பேச்சையும் வாங்கிக்கொள்பவர் பெரும்பாலும் பெண் என்பதால் இது அவர்களைப் பற்றி மட்டும்.

முதல் சந்திப்பிலேயே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். கணவன் மனைவி இருவரையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச்சைத் தொடங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அடி வாங்கிய பெண் அந்த மேசையில் உண்மையைச் சொல்ல மாட்டார். சொன்னால் வெளியே படிக்கட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே முதல் முறை தனித்தனியாக, பெண்ணுக்குக் குறைந்தது 40 நிமிடம் ஒதுக்கிப் பேசுங்கள். முடிந்தால் இருவரையும் வெவ்வேறு நாளில் வரச்சொல்லுங்கள். ஒரே நாள்தான் என்றால் பெண் கிளம்பி 15 நிமிடம் கழித்துக் கணவரை அனுப்புங்கள். பஸ் நிறுத்தம் வரை பின்னால் வந்து மிரட்டுவது இந்தச் சின்ன ஏற்பாட்டிலேயே குறையும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் 2006-இல் வந்த விதிகளில் 14-ஆவது விதி, ஆலோசனையின்போது எதிர்மனுதாரர் தான் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க இடம் தரக்கூடாது என்கிறது. அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விதி உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாத வழக்குகளிலும் நல்ல அளவுகோல் அது. "அவர் கோவத்துல அடிச்சிருப்பார், நீங்க என்ன சொன்னீங்க?" என்ற கேள்வி அந்த அறையில் எழவே கூடாது.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. உடம்பைப் பற்றிக் கேளுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குக் கண் மூடுகிறது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? நேற்று என்ன சாப்பிட்டார்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாரிடம் அழ முடிகிறது? கடைசியாக எப்போது ஒரு வேலையைப் பிடித்துச் செய்தார்? விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து அதன்பின் தூக்கம் வராமல் கிடப்பது, பசி விட்டுப்போவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுகூட மலைப்பாகத் தெரிவது, இவையெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் அதை வெறும் துக்கம் என்று விட்டுவிடக் கூடாது, மருத்துவர் பார்க்க வேண்டும். அழுகை மட்டும் நோயாகாது. பத்து வருட வாழ்க்கை முறிந்தால் யாரும் அழுவார்கள். ஒரு நாள் தெளிவாக இருந்து மறுநாள் கலங்குவதும் துக்கத்தின் இயல்புதான், அதற்கு மாத்திரை வேண்டாம்.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. உயிரை விட நினைக்கிறாரா என்பதை நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற பயம் தேவையில்லை, கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "தப்பான முடிவு ஏதாவது" என்று சுற்றிவளைத்துக் கேட்டால் "சேச்சே, இல்லைங்க" என்று சொல்லித் தப்பித்துவிடுவார். "இருக்கறதுக்குச் செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா? அதுக்கான பொருள் கையில இருக்கா?" என்று மூன்று படியாகக் கேளுங்கள். மூன்றாவதற்கும் ஆமாம் என்றால் அன்று அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. கூட வந்தவரை உள்ளே அழைத்து, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் தூக்க மாத்திரைகளையும் அன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கையோடு அனுப்புங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தெந்த நாளில் எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்ற பட்டியல் உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ம், மருத்துவ உதவி எண்ணான 104-ம் 24 மணி நேரமும் தமிழில் பேசும். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பைக்குள் போய்விடும். உங்கள் முன்னாலேயே ஒருமுறை அழைக்கச் செய்தால் ராத்திரி இரண்டு மணிக்குத் தயக்கமில்லாமல் மறுபடி அழைப்பார்.

மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் பெரும்பாலான பெண்கள் மறுக்கிறார்கள். அதற்கு வெட்கமோ அறியாமையோ காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் தெளிவாகக் கணக்குப் போட்டே மறுக்கிறார்கள். மாத்திரைச் சீட்டு கணவர் வக்கீலின் கைக்குப் போனால், 'மனநிலை சரியில்லாதவள், குழந்தையை இவளிடம் விட முடியாது' என்று மனு வரும் என்பது அவர்கள் பயம். வெற்றுப் பயமும் இல்லை. மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து ஆவணமாகத் தாக்கல் செய்வது நடக்கிறது. மனநோய் என்பது இந்து திருமணச் சட்டம் 13(1)(iii)-இல் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக இருப்பதும் உண்மை.

இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அதை அவருக்கு எடுத்துச் சொல்வது உங்கள் வேலை. ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம், நோயின் பெயரைச் சொல்வது மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது தீவிரமானது என்று நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்கிறது. 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களுக்கு ரகசியத்தைத் தருகிறது. வழக்கில் மனநோய்க்கான சான்று காட்டி, மறுதரப்பு அதை மறுத்தால், மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 105-ஆம் பிரிவு. இத்தனையும் கையில் இருக்க, ஒரு பெண் மருத்துவரிடம் போகாமல் பக்கத்து மெடிக்கலில் சீட்டில்லாமல் அல்பிரசோலம் வாங்கிப் போடுகிறார் என்றால், அந்த நிலைமைக்கு நாம் எல்லோரும் பொறுப்பு. அந்த மாத்திரை முதல் வாரம் தூங்கவைக்கும், பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது, அளவும் கூடிக்கொண்டே போகும். மருத்துவர் எழுதும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வேறு வகை. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிறு புரட்டும், படபடப்பு கொஞ்சம் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் தப்பு, மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மறைத்துப் போட்ட மாத்திரையைவிட முறையாகப் பார்த்த சிகிச்சையின் கோப்பு நீதிமன்றத்தில் நன்றாக நிற்கும் என்பது எங்கள் கருத்து. மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்த்து, வேலைக்கும் போய், பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பும் தாயின் கோப்பு அவர் பொறுப்பானவர் என்பதையே காட்டும். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மருத்துவ, குடும்பநல வல்லுநர்களின் உதவியை நீதிமன்றம் பெற இடம் தருகிறது. ஒருவருக்கு 'மனநோய்' முத்திரை குத்தப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பிரிவை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது வாய்தா. நீதிமன்றத் தாழ்வாரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்தரை மணிக்கு வரச்சொல்லியிருக்கும். இரண்டே இரண்டு பெஞ்சு. கணவர் வீட்டார் ஐந்து பேர் அதில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றடி தள்ளிச் சுவரோரமாக அந்தப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். கழிவறை போனால் அந்த நேரம் பார்த்து டவாலி பெயரைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஒரு மணிக்கு ஜூனியர் வக்கீல் வந்து "அடுத்த மாசம் போட்டாச்சு" என்பார். இதற்காக மூன்று நாளாகத் தூங்கவில்லை, அன்றைய கூலியும் போயிற்று.

பெண்கள் தனியாகக் காத்திருக்க ஒரு சின்ன அறை, வெளியே நிற்கும் காவலர், பெயர் கூப்பிட்டால் வந்து சொல்ல ஒரு சட்டத் தன்னார்வலர். இவ்வளவு போதும். அறையே இல்லையென்றால் உங்கள் ஆலோசனை அறையைக் காலை 11 மணி வரை அதற்குத் திறந்துவிடுங்கள். வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் பெண்ணின் கையில் கொடுத்து, இ-கோர்ட்ஸ் செயலியில் தேதியை அவரே பார்க்கக் கற்றுக்கொடுங்கள். 16 எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளம் கையில் இருந்தால் ஒவ்வொரு தேதிக்கும் வக்கீல் ஆபீசுக்குப் பத்து போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. தன் வழக்கைப் பற்றித் தனக்கே ஒன்றும் தெரியவில்லை என்ற தவிப்பு பாதி குறையும்.

வாய்தா நாளுக்கு வீட்டிலிருந்தே சில ஏற்பாடுகளைச் செய்யச் சொல்லுங்கள். கூட வருபவர் ஒருவர் போதும், அவரும் நிதானமானவராக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பைப் பார்த்ததும் கையை ஓங்கும் அண்ணன் வேண்டாம், விசும்பி அழும் அம்மாவும் வேண்டாம். சித்தியோ தோழியோ நல்லது. காலையில் இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வெறும் வயிற்றில் கூண்டேறி மயங்கி விழுவது அபூர்வம் இல்லை. முடிந்து வந்ததும் "என்னாச்சு, என்னாச்சு" என்று வரும் போன்களை எடுக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் மட்டும் விவரம் சொல்லி, மற்ற உறவினர்களுக்கு அவர் மூலமாகவே போகட்டும். ஒரே அவமானத்தைச் சாயங்காலத்துக்குள் எட்டு முறை விவரிக்க நேர்ந்தால் அது எட்டு முறை நடந்ததற்குச் சமம்.

எதிருரை, அதாவது கணவர் தரப்பு தாக்கல் செய்யும் பதில், கைக்கு வரும் நாள் இதைவிடக் கடினம். தன் நடத்தையைப் பற்றி, தன் அம்மாவைப் பற்றி, சில சமயம் பிள்ளையின் பிறப்பைப் பற்றியே எழுதியிருப்பார்கள். பெண்கள் அதை ராத்திரி தனியாகப் படிக்கிறார்கள். படித்ததும் கணவருக்கு வாட்ஸ்அப்பில் பொரிந்து தள்ளுகிறார்கள். அடுத்த வாய்தாவில் அந்தச் செய்தி ஆவணமாக வந்து நிற்கிறது. கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போனில் பேசும் கோபத்துக்கும் இனி அதே கதிதான். இதற்கு எங்களிடம் பலன் தந்த முறை இது: எதிருரையைப் பகலில், வக்கீல் அலுவலகத்திலோ உங்கள் அறையிலோ, துணையோடு படிக்க வேண்டும். ஒவ்வொரு பத்தி எண்ணையும் ஒரு நோட்டில் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் 'உண்மை', 'பொய்', 'பாதி உண்மை' என்ற மூன்றில் ஒன்றையும், நிரூபிக்கத் தன்னிடம் இருப்பதையும் எழுத வேண்டும். வாதத்துக்கு வக்கீலுக்கு உதவும். பெண்ணுக்கோ, தன்னைப் பற்றிய வசையாகத் தெரிந்தது பதில் சொல்லக்கூடிய 30 பத்திகளாக மாறும். மனதில் பட்டதையெல்லாம் கொட்டித் தீர்க்க வேண்டுமானால் வேறொரு காகிதத்தில் எழுதிக் கிழித்துப் போடட்டும், போனில் வேண்டாம்.

குறுக்கு விசாரணைக்கு முன்னால் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 11-ஆம் பிரிவை ஞாபகப்படுத்துங்கள். தரப்பினர் ஒருவர் விரும்பிக் கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். படுக்கையறை விஷயங்களைப் பத்து வக்கீல்கள் முன்னால் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்தாலே பாதி நடுக்கம் போய்விடும். கேள்வியை முழுவதும் கேட்பது, ஒரு மூச்சு விடுவது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, புரியவில்லை என்றால் "புரியலைங்க, திரும்பக் கேளுங்க" என்பது, இவற்றை ஒருமுறை ஒத்திகை பார்க்க அரைமணி நேரம் ஆகும். மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் பயிற்சி கைகொடுக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஐந்து நிமிடம் செய்தால்தான் அன்று உதவும், கூண்டில் நின்றுகொண்டு முதன்முதலாகச் செய்தால் தலைதான் சுற்றும்.

மனமொத்த விவாகரத்து என்றால் சுலபம் என்று நினைக்கிறோம். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின் ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் 2017-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆனாலும் காத்திருப்புக்குப் பின் வரும் இரண்டாவது மனு நாள் வரை கணவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பெற்றுவிட்டால் பெண் எழுந்திருக்கவே பல வாரம் ஆகும். அந்தச் சாத்தியத்தை முதல் நாளே சொல்லிவையுங்கள். கிறித்தவப் பெண்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மனமொத்துப் பிரிய, இரண்டு ஆண்டு பிரிந்திருக்கச் சொல்கிறது. அந்தக் காலத்தை எதிர்பார்ப்போடு எண்ணிக்கொண்டு உட்காராமல் படிப்போ வேலையோ தொடங்கவைப்பது நல்லது.

பணம் உங்கள் வேலை இல்லை என்று தோன்றலாம். ஆனால் வாடகை கட்ட முடியாத பெண்ணுக்கு எந்த ஆலோசனையும் ஏறாது. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவச வக்கீல் உண்டு. எண் 15100. மாதச் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு இது தெரிவதே இல்லை, நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டுகிறார்கள். இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடியவரை 60 நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் வந்த தீர்ப்புப்படி இருவரும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கிடைக்க வேண்டும். அந்தப் பத்திரத்தை நிரப்புவது பெண்ணுக்கு வேதனையான வேலை, வீட்டுச் செலவைப் பால், காஸ், பள்ளிக் கட்டணம், மருந்து என்று மாதவாரியாகப் போட வேண்டும். தன்னார்வலர் ஒருவர் இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்தால் முடிந்துவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இருந்த இடத்தில் இப்போதுள்ள, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் உத்தரவு வாங்கியவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். பாக்கிக்கு வாரண்டு கேட்டு, அது சேரவேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். "அவரா தருவார்" என்று பொறுத்துப் பொறுத்து அந்த வழியைக் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர்.

சீர்ப்பொருள் திரும்ப வாங்கும் நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவை முழுக்கப் பெண்ணின் சொத்து என்பது பிரதிபா ராணி வழக்கில் 1985-இலேயே உறுதியாகிவிட்டது. சட்டம் சரி, ஆனால் குட்டியானை வண்டியில் பித்தளை அண்டாவும், கட்டிலும், ஒரு பக்கக் கதவு பெயர்ந்த பீரோவும் தெருவே வேடிக்கை பார்க்க இறங்கும்போது பெண்களுக்கு நெஞ்சு அடைத்துவிடுகிறது. கோர்ட்டில் அழாதவர்கள் அன்று அழுகிறார்கள். பட்டியலை முன்பே டைப் செய்து, பெண் நேரில் போகாமல் அப்பாவோ வக்கீலோ போய்ச் சரிபார்த்துக் கையெழுத்திடலாம். பொருள்கள் நேரே வீட்டுக்கு வராமல் ஒரு வாரம் உறவினர் இடத்தில் இருக்கலாம். கல்யாண ஆல்பமும் புடவையும் இருக்கும் பெட்டியை யார் பிரிப்பது என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறந்த வீட்டாரை ஒருமுறையாவது அழைத்துப் பேசுங்கள். இங்கேதான் காரியம் கெடுகிறது அல்லது தேறுகிறது. "நாங்க அப்பவே சொன்னோம்" என்பதும், வளைகாப்புக்கு ஆரத்தி எடுக்க வேண்டாம் என்று ஜாடையாக ஒதுக்குவதும், 'வாழாவெட்டி' என்ற சொல் காதில் விழும்படி பேசுவதும் மருந்து கொடுத்தும் ஆறாத புண். மூன்று காரியம் கேளுங்கள்: அவருக்கென்று பூட்டுப் போட்ட ஒரு அலமாரி, வழக்கைப் பற்றி அவராக எடுக்காதவரை சாப்பாட்டு நேரத்தில் பேசுவதில்லை என்ற ஒப்பந்தம், வீட்டு வேலையில் அண்ணிக்கும் அவருக்கும் தெளிவான பங்கீடு. மூன்றாவது அற்பமாகத் தெரியும். ஆனால் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அடுப்படியில் வரும் மனத்தாங்கலே பல பெண்களை மறுபடி அந்த அடிக்கிற வீட்டுக்கே துரத்துகிறது. போக இடமே இல்லாதவருக்குப் பெண்கள் உதவி எண் 181, சகி ஒருங்கிணைந்த சேவை மையம். அங்கே தங்குவது சில நாள்தான் என்பதால், உள்ளே போன அன்றே அடுத்த இடத்துக்கு, விடுதிக்கோ தங்கும் இல்லத்துக்கோ, ஏற்பாடு தொடங்க வேண்டும்.

பிள்ளைகளிடம் யார் என்ன சொல்வது என்பதையும் ஒத்திகை பார்க்கலாம். "அப்பாவும் அம்மாவும் தனித்தனி வீட்டுல இருக்கப் போறோம். இது உன்னால இல்ல. நீ அதே ஸ்கூலுக்குத்தான் போவ." மூன்று வாக்கியம் போதும். பிள்ளையைத் தகப்பனிடம் காட்டும் நாளில் தாய் வெளியே இரண்டு மணி நேரம் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் அவரைச் சந்திக்க வாரத்தில் அதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

இனி குழுவைப் பற்றி. ஒரே நிலையில் இருக்கும் பெண்கள் கூடிப் பேசுவது தனி ஆலோசனையைவிடச் சில விஷயங்களில் நன்றாக வேலை செய்யும், ஒழுங்காக நடத்தினால். எட்டு முதல் பத்துப் பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணி நேரம், மொத்தம் எட்டு கூட்டம், நடத்துபவர் இருவர். ஒருவர் உடைந்து அழுதால் ஒரு நடத்துநர் அவரோடு வெளியே போக வேண்டும் என்பதால்தான் இருவர். நடுவில் புதியவர்களைச் சேர்க்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்லவேண்டி வரும். இடம் நீதிமன்ற வளாகத்தில் இருந்தால் கணவர் கண்ணில் படுவோமோ என்று வர மாட்டார்கள். நூலகக் கூடமோ பள்ளி அறையோ தேடுங்கள். இவை கெட்டுப்போகும் விதங்களும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். கணவர்களைத் திட்டும் மன்றமாக மாறும். இரண்டு வாரம் சுகமாக இருக்கும், மூன்றாவது வாரம் எல்லோரும் சோர்ந்து போவார்கள். யாருக்கு எவ்வளவு ஜீவனாம்சம் என்ற ஒப்பீடு பொறாமையைக் கிளப்பும். வக்கீல் ஒருவர் 'வழிகாட்ட' வந்து வழக்குப் பிடித்துக்கொண்டு போவார். எல்லாவற்றையும்விட ஆபத்து வாட்ஸ்அப் குழு. அங்கே எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாக யாராவது ஒருவர் கணவரின் வக்கீலிடம் போய்விடும். கூட்டத் தேதியை நடத்துநர் தனித்தனியாகச் செய்தி அனுப்பினால் போதும், குழு வேண்டவே வேண்டாம்.

கூட்டத்தில் என்ன செய்வது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'பிரச்சினை மேலாண்மை பிளஸ்' என்ற கையேடு உதவும். மனநல வல்லுநர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று நடத்தும்படி அமைத்தது. தனிநபருக்கு வாரம் ஒன்றாக ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். மூச்சுப் பயிற்சி, தீர்க்கக்கூடிய பிரச்சினையைத் தீர்க்க முடியாததிலிருந்து பிரிப்பது, விட்டுப்போன வேலைகளைச் சிறுகச் சிறுகத் திரும்பத் தொடங்குவது, ஆதரவு தருபவர்களைத் தேடி வலுப்படுத்துவது, இவைதான் அதன் சாரம். மூன்றாவதைத்தான் எங்கள் அனுபவத்தில் பெண்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். "வேலைக்குப் போ" என்றால் மலைப்பார்; "நாளைக்குக் காலைல தெருமுனை வரைக்கும் நடந்து பால் வாங்கிட்டு வாங்க" என்றால் போவார். அடுத்த வாரம் தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விடுவார். மாவட்ட ஆணைக்குழுக்களிடம் ஏற்கெனவே இருக்கும் சட்டத் தன்னார்வலர்களில் பொறுமையான பெண்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து இதில் பயிற்றுவிக்கலாம். மேற்பார்வைக்கு உளவியலாளர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்தால் போதும்.

கடைசியாகத் தீர்ப்பு வந்த பிறகு நடப்பது. எல்லோரும் "விடுதலை கிடைச்சிடுச்சு" என்று வாழ்த்துவார்கள். இவ்வளவு நாள் வழக்கு என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அது போனதும் கால் நிலைகொள்ளாது. தீர்ப்புக்குப் பின் வரும் முதல் மூன்று மாதம் அபாயமானது, யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் மறுமணப் பேச்சை வீட்டார் எடுத்துவிடுவதும் அப்போதுதான். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் மூன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வங்கி வாரிசு நியமனம், எல்.ஐ.சி., ரேஷன் அட்டை, காஸ் இணைப்பு என்று மாதம் ஒன்றாக மாற்றிக்கொண்டு போகலாம், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க ஓடினால் ஒவ்வொரு கவுண்டரிலும் "கணவர் பேர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துவிடுவார். பாஸ்போர்ட்டுக்குக் கணவர் பெயர் தரவேண்டியதில்லை என்று 2016 டிசம்பரிலேயே விதி மாறிவிட்டது, அது பல முகவர்களுக்கே தெரியாது.

எங்கள் கோரிக்கையின் கடைசிப் பகுதி ஒரு பதிவேடு. சமரசம் ஏற்படவில்லை என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு வழக்கிலும், பெண் சம்மதித்தால் மட்டும், அவர் முதல் பெயரும், கணவர் கைக்குப் போகாத ஒரு போன் எண்ணும், அழைக்க வசதியான நேரமும் அதில் ஏறட்டும். ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து, பிறகு தீர்ப்பு வந்த வாரத்திலும் அடுத்த மூன்றாம் மாதத்திலும் ஒரு தன்னார்வலர் பத்து நிமிடம் பேசட்டும். தூக்கம், சாப்பாடு, பணம், பிள்ளை, உயிரை விடும் எண்ணம் என்று ஐந்தே கேள்வி. பதிலை ஆம், இல்லை என்று மட்டும் குறித்தால் போதும், வழக்கு விவரம் எதுவும் வேண்டாம். பதிவேடு வழக்குக் கோப்போடு சேராமல் உங்கள் அலமாரியில் பூட்டியிருக்க வேண்டும். கேள்வித்தாளின் மாதிரியையும் தன்னார்வலர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக் குறிப்பையும் கேட்கும் மாவட்டத்துக்கு இலவசமாகத் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்களும் சட்ட உதவிப் பணியாளர்களும்